தோற்றவனுக்கு எதுக்கு கைதட்டல்?

நண்பர்களே, ஒரு கேள்வி. ஓட்டப்பந்தயத்தில் கடைசியாக வருகிறவனுக்கு என்றைக்காவது கை தட்டியிருக்கீங்களா? நான் தட்டியதில்லை. சிரிச்சிருக்கேன். அது தப்புன்னு எனக்குப் புரிய வைத்தது ‘ராக்கி’ என்கிற ஆங்கிலப் படம்.

1976-ல் வந்த படம் அது. கதை எழுதி, ராக்கியாக நடித்தவர் சில்வெஸ்டர் ஸ்டலோன். 1975-ல் முகமது அலியோடு மோதிய சக் வெப்னர் என்ற வீரரை யாரும் பெரிசா மதிக்கலை. ஆனால் அவர் 15-வது ரவுண்டு வரை தாக்குப்பிடித்தார். அதைப் பார்த்ததும்தான் ஸ்டலோனுக்கு இந்தக் கதை தோன்றியதாம். ‘கதையை மட்டும் கொடு, பெரிய நடிகரை வெச்சு எடுக்கிறோம்’ என்று நல்ல விலை பேசினார்கள். ‘நான் நடிச்சாத்தான் கதை’ என்று அவர் பிடிவாதமாக நின்றார். அந்தப் படம் 3 ஆஸ்கர் விருதுகள் வாங்கியது.

ராக்கி, பிலடெல்பியா நகரத்தில் ஒரு ஏழைக் குத்துச்சண்டை வீரன். வட்டிக்காரருக்குக் கடன் வசூல் பண்ணிக் கொடுத்துப் பிழைக்கிறான். திடீரென்று உலக சாம்பியன் அப்பல்லோ கிரீடோடு மோதும் வாய்ப்பு வருகிறது. விடிவதற்கு முன்னாடியே எழுந்து, பச்சை முட்டைகளை உடைத்துக் குடித்துவிட்டு ஓடுகிறான். (இதை மட்டும் யாரும் செஞ்சு பார்க்காதீங்க!) அருங்காட்சியகத்தின் 72 படிகளை முதல் நாள் ஏறும்போது மூச்சு வாங்கி, விலாவைப் பிடித்துக்கொள்கிறான். பிறகொரு நாள் அதே படிகளில் பறக்கிறான்.

போட்டிக்கு முந்தின ராத்திரி, தன்னால் ஜெயிக்க முடியாது என்று அவனுக்கே தெரிந்துவிடுகிறது. 15 ரவுண்டும் விழாமல் நிற்கணும், அது போதும் என்று நினைக்கிறான். 14-வது ரவுண்டில் விழுந்தபோது, அவனுடைய பயிற்சியாளரே ‘எழுந்திருக்காதே’ என்று கத்துகிறார். அவன் எழுந்து நிற்கிறான். கடைசியில் 3 நடுவர்களில் 2 பேர் அப்பல்லோ ஜெயித்ததாகச் சொல்கிறார்கள்.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. தோற்கிறதுக்கா இவ்வளவு பாடு? ஆனால் ராக்கி அந்த முடிவைக் காதிலேயே வாங்கவில்லை. தனக்குத் தானே வைத்த பரீட்சையில் அவன் பாஸாகிவிட்டான். 1979-ல் வந்த இரண்டாம் பாகத்தில் ஜெயிக்கவும் செய்கிறான். இருந்தாலும் எனக்கு முதல் பாகம்தான் உசத்தி.

போன வருஷ விளையாட்டு விழா ஞாபகம் இருக்கா? நம் மைதானத்தில் 1500 மீட்டருக்கு ஏழரைச் சுற்று. எல்லோரும் முடித்த பிறகும் ஒருத்தன் மட்டும் ஓடிக்கொண்டிருந்தான். ‘டேய், ஏழரை இன்னும் முடியலையா?’ என்று கத்தினது நான்தான். கூட்டமே சிரித்தது. ஒரு சுற்று பாக்கி இருக்கும்போது அவன் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போய்விட்டான். அவனை நிறுத்தியது கால்வலி இல்லை, என்னுடைய வாய்.

‘அப்போ ஜெயிக்கிறதே வேண்டாமா?’ என்று கேட்பீர்கள். வேண்டும். பயிற்சியே செய்யாமல் தோற்கிறவனை நான் பாராட்டச் சொல்லவில்லை. முதல் மூன்று பேருக்குப் பரிசு கொடுப்பதும் சரிதான். ஆனால் பரிசு மூன்று பேருக்கு என்றால், கைதட்டலும் மூன்று பேருக்குத்தானா? கைதட்ட காசா, பணமா?

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த வருஷம் 1500 மீட்டரில் கடைசி ஆள் கோட்டைத் தொடும்வரை அடுத்த போட்டியைத் தொடங்காதீர்கள். ஓடி முடித்த எல்லோருடைய பெயரையும் இந்தச் சுவரிதழில் நானே எழுதித் தருகிறேன்.

அந்த நண்பனிடம் போன வாரம் மன்னிப்புக் கேட்டேன். ‘இந்த வருஷமும் ஓடுவியா?’ என்றேன். ‘நீ கத்தாம இருந்தா ஓடுறேன்’ என்றான்.

கத்துவேன்டா. ஆனால் இந்த முறை ‘விடாதே, ஓடு!’ என்று கத்துவேன்.

– 9-ஆம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவன்