வீட்டுக் கணக்கு: மின்சாரக் கார் கட்டுப்படி ஆகுமா?

"கரண்ட்ல ஓடற கார் வாங்கலாமா, வேண்டாமா? நீங்கதான் கணக்குப் புலியாச்சே, சொல்லுங்க!"

இப்போதெல்லாம் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால்கூட இந்தக் கேள்விதான். எந்த மிக்ஸி நல்லது, எந்தக் குக்கர் உழைக்கும் என்று கேட்டுக்கொண்டிருந்த சகோதரிகள், இப்போது என்னைப் பிடித்து உட்கார வைத்துக் காரைப் பற்றிக் கேட்கிறார்கள். கேட்கட்டும், சந்தோஷம்தான். கார் என்றால் ஆண்கள் சமாசாரம் என்று ஒதுங்கியிருந்த காலம் மலையேறிவிட்டது. ஓட்டுகிறவர்களும் நாம், பங்க்கில் பணத்தை எண்ணிக் கொடுக்கிறவர்களும் நாம். கரண்ட் பில்லோ, எந்தக் காலத்திலும் நம் தலையில்தான். ஆகையால் இந்த இதழில், பேப்பரும் பென்சிலுமாக உட்கார்ந்து இதைப் பார்த்துவிடுவோம்.

மின்சாரக் கார் நேற்று முளைத்த சங்கதி அல்ல. 2001-லேயே பெங்களூரில் 'ரேவா' என்ற குட்டிக் கார் வந்தது. அன்று அதை வேடிக்கை பார்த்தவர்கள் அதிகம், வாங்கியவர்கள் குறைவு. இன்று நிலைமை வேறு. ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் மின்சார ஸ்கூட்டர்கள் தயாராகின்றன. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து மின்சாரக் கார் வருகிறது. 2025 ஆகஸ்டில் தூத்துக்குடியில் வியட்நாம் நாட்டு வின்ஃபாஸ்ட் கம்பெனி தன் தொழிற்சாலையைத் திறந்தது. உப்பும் முத்தும் விளைந்த ஊரில் காரும் விளைகிறது!

இந்தக் காரில் எஞ்சின் இல்லை, மோட்டார்தான். கிளட்ச், கியர், எஞ்சின் ஆயில், சைலன்சர் எதுவும் கிடையாது. மாற்ற வேண்டிய சாமான் குறைவு என்பதால் சர்வீஸ் செலவும் குறைவு. பிரேக் போடும்போது வண்டியின் வேகத்தில் ஒரு பங்கு மின்சாரமாகித் திரும்ப பாட்டரிக்கே போகிறது. புகை இல்லை, அதிர்ச்சி இல்லை. இடது கால் ஓயாமல் கிளட்சை மிதித்து முட்டி வலி கண்டவர்களுக்கு இது பெரிய ஆறுதல். "ஓசைப்படாம போறதே, இதுக்கு உசிர் இருக்கா இல்லையான்னே தெரியலையே!" என்றாள் என் நாத்தனார், முதல்முறை ஏறி உட்கார்ந்தபோது.

அவளுக்கு அந்தக் கார் ரொம்பப் பிடித்துவிட்டது. பாங்க்கில் போட்டு வைத்திருக்கும் டெபாசிட்டை உடைத்து வாங்கிவிடலாம் என்ற அளவுக்கு ஆசை வந்துவிட்டது. அவள் கணவர் ரிட்டயராகி வந்த பணம் அது. அதைத் தொடுவதென்றால் யோசிக்க வேண்டாமா? எங்கள் எதிர்வீட்டு டீச்சரும் அதே சமயத்தில் அதே கேள்வியோடு வந்தார். இருவருக்கும் ஒரே கணக்கைத்தான் போட்டேன். விடைதான் வேறு வேறாக வந்தது.

ஷோரூம் கணக்கும் கரண்ட் கார்டு கணக்கும்

ஷோரூமில் சொல்லுவார்கள்: "மேடம், கிலோமீட்டருக்கு எழுபது பைசாதான் ஆகும்." இது எப்படி வந்தது? ஒரு யூனிட் மின்சாரத்தில் சின்னக் கார் சுமாராக 7 கிலோமீட்டர் ஓடும். யூனிட் 4 ரூபாய் 80 பைசா என்று வைத்துக்கொண்டு வகுத்துவிட்டார்கள். வகுத்தல் சரிதான். ஆனால் நம் வீட்டில் கார் ஒன்று மட்டுமா கரண்ட் சாப்பிடுகிறது?

தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பில். 2024 ஜூலையில் வந்த விகிதப்படி முதல் 100 யூனிட் இலவசம். அதற்கு மேல் படிப்படியாக ஏறும். 400 வரை யூனிட்டுக்கு 5 ரூபாய்க்குள் அடங்கும். 401-லிருந்து ஆறரை ரூபாய்க்குக் கிட்ட. 501-லிருந்து எட்டரை, 601-லிருந்து ஒன்பதரை, 801-லிருந்து பத்தரை. போதாததற்கு, மொத்தம் 500-ஐத் தாண்டிவிட்டால், 101 முதல் 200 வரையுள்ள யூனிட்டுகளுக்குக் கிடைத்துவந்த சலுகையும் போய்விடும். ஃபிரிட்ஜும் கிரைண்டரும் ஏ.சி.யும் கீழ்ப்படிகளை முன்னாடியே பிடித்துக்கொண்டு விடுகின்றன. கடைசியாக வரும் கார் மேல்படியில்தான் ஏறி உட்கார வேண்டும். பந்தியில் பிந்தி வந்தவர் கதைதான்! உங்கள் கரண்ட் கார்டை எடுத்துப் பாருங்கள். இப்போது எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்பதை வைத்துத்தான் கார் கணக்கைத் தொடங்க வேண்டும்.

டீச்சர் வீடு

டீச்சர் வீட்டில் இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் ஆகிறது. பில் சுமார் 1,200 ரூபாய். பள்ளிக்கூடத்துக்குப் போக வர தினம் 35 கிலோமீட்டர். மாதம் 25 நாள் என்றால் 875 கிலோமீட்டர். இரண்டு மாதத்துக்கு 1,750. அதற்கு 250 யூனிட் வேண்டும். 400 யூனிட் 650 ஆகும்போது பில் சுமார் 3,400-க்குப் போகிறது. அதாவது காருக்காகக் கூடுவது 2,200 ரூபாய், மாதத்துக்கு 1,100. கிலோமீட்டருக்கு ஒன்றேகால் ரூபாய் ஆகிறது. எழுபது பைசா இல்லை!

இருந்தாலும் பெட்ரோலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஊருக்குள் நெரிசலில் லிட்டருக்கு 14 கிலோமீட்டர், லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அதே 875 கிலோமீட்டருக்கு 6,250 ரூபாய். மாதம் 5,150 மிச்சம். வருஷத்துக்கு சுமார் 62,000.

நாத்தனார் வீடு

அவள் வீட்டிலும் 400 யூனிட்தான். ஆனால் கார் எங்கே போகிறது? வெள்ளிக்கிழமை கோவில், மாதம் ஒருமுறை டாக்டர், எப்போதாவது பெண் வீடு. மாதம் 300 கிலோமீட்டர் போனால் அதிகம். பெட்ரோலில் சுமார் 2,150 ரூபாய் ஆகும். கரண்டில் 275 ரூபாய்தான். மிச்சம் 1,875. வருஷத்துக்கு 22,500.

இப்போது விலைக்கு வருவோம். மின்சாரக் காருக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான். சின்ன பெட்ரோல் கார்களுக்கு 2025 செப்டம்பரில் 18 ஆகக் குறைத்தார்கள். வரி குறைவாயிருந்தும், பாட்டரி விலையால் மின்சாரக் கார்தான் கூட நிற்கிறது. ரகத்துக்கு ரகம் வித்தியாசம் மாறும். நாம் 3 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். அந்த 3 லட்சம் பாங்க்கில் ஏழு வட்டிக்கு இருந்தால் வருஷத்துக்கு 21,000 ரூபாய் வரும். நாத்தனாருக்குப் பெட்ரோலில் மிச்சமாவது 22,500. வட்டியை இழந்து பெட்ரோலை மிச்சம் பிடித்தால் கையில் நிற்பது 1,500 ரூபாய்! டீச்சருக்கோ, வட்டியைக் கழித்த பிறகும் வருஷத்துக்கு 41,000 நிற்கிறது. ஏழு வருஷம் சொச்சத்தில் கூடுதல் விலை திரும்பிவிடும். பல கம்பெனிகள் பாட்டரிக்கு 8 வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் உத்தரவாதம் தருகின்றன. அதற்குள்ளேயே முதல் வந்துவிடுகிறது.

சர்வீஸில் மிச்சமாவதை நான் சேர்க்கவில்லை. விலை கூடின காருக்கு இன்ஷூரன்ஸும் கூடும், இரண்டும் ஒன்றை ஒன்று தின்றுவிடும். சாலை வரிக்குத் தமிழக அரசு 2025 முடியும்வரை முழு விலக்கு தந்திருந்தது. நீங்கள் வாங்கும் நாளில் என்ன நிலவரம் என்று ஆர்.டி.ஓ. ஆபீசில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆக, விஷயம் இதுதான்: அதிகம் ஓடுகிற வண்டிக்குத்தான் மின்சாரம் லாபம். ஷெட்டில் நிற்கிற வண்டிக்கு எந்த எண்ணெய் ஊற்றினாலும் ஒன்றுதான்.

பாட்டரி வாடகைக்கு

2024 செப்டம்பரில் எம்.ஜி. கம்பெனி ஒரு புது வழி கொண்டுவந்தது. வின்ட்ஸர் என்ற காரைப் பாட்டரி இல்லாத விலைக்கு வாங்கிக்கொள்ளலாம். பாட்டரிக்கு, அன்று சொன்ன விகிதப்படி, கிலோமீட்டருக்கு மூன்றரை ரூபாய் வாடகை. முதலில் போடும் பணம் குறைவு என்பது நல்லதுதான். ஆனால் மூன்றரையோடு கரண்ட் ஒன்றேகாலைச் சேர்த்தால் நாலே முக்கால் ஆகிவிடுகிறது. மாதம் குறைந்தது இத்தனை கிலோமீட்டருக்குக் கட்டியே ஆக வேண்டும் என்ற விதி இருக்கிறதா என்று கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள்.

ப்ளக் பாயிண்ட் எங்கே?

காரைப் பார்க்கப் போகும் முன் உங்கள் கார் நிற்கும் இடத்தைப் பாருங்கள். அங்கே 15 ஆம்பியர் பவர் ப்ளக் இருக்கிறதா? மீட்டர் போர்டிலிருந்து அதற்கென்று தனி வயர், நல்ல எர்த், கசிவு வந்தால் தானே நின்றுவிடும் ஆர்.சி.சி.பி. இந்த மூன்றும் அவசியம். ஜன்னல் வழியாக எக்ஸ்டென்ஷன் பாக்ஸை இழுத்துப் போடும் வேலை வேண்டவே வேண்டாம். பழைய வீடானால் எலக்ட்ரீஷியனைக் கொண்டு வயரிங்கைப் பார்க்கச் சொல்லுங்கள். மின் வாரிய ஆபீசில் உங்கள் இணைப்பின் மின்பளு போதுமா என்றும் விசாரியுங்கள். கீஸர், ஏ.சி., தண்ணீர் மோட்டார், கார் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போட்டால் ஃப்யூஸ் போகும்.

அடுக்குமாடியில் இருப்பவர்கள் அசோஸியேஷன் சம்மதத்தை முதலில் வாங்க வேண்டும், அதுவும் உங்கள் மீட்டரிலிருந்தே வயர் வருகிற மாதிரி. பொது மீட்டரில் போட்டால் நாளைக்கே மாடிப்படியில் சண்டை! தெருவில் காரை நிறுத்துகிறவர்களுக்கு இப்போதைக்கு இது சரிப்படாது. வெளியில் சார்ஜ் செய்யும் நிலையங்களில் பல இடங்களில் யூனிட் இருபது ரூபாய்க்குப் பக்கம் ஆகிறது. அப்போது கிலோமீட்டருக்கு 3 ரூபாய் வந்துவிடும்.

நேரம் ரொம்ப ஆகுமோ என்ற பயம் வேண்டாம். காலி பாட்டரி நிறைய ராத்திரி எட்டு ஒன்பது மணி நேரம் ஆகும். ஆனால் டீச்சரின் 35 கிலோமீட்டருக்கு 5 யூனிட் போதும், இரண்டு மணி நேரத்தில் ஏறிவிடும்.

ஊருக்குப் போவது எப்படி?

விளம்பரத்தில் 250 கிலோமீட்டர் என்று போட்டிருந்தால், ஏ.சி. போட்டுக்கொண்டு நாலு பேர் உட்கார்ந்து போகும்போது மூன்றில் இரண்டு பங்கு என்று மனசில் வையுங்கள். சென்னையிலிருந்து மதுரை சுமார் 460 கிலோமீட்டர். சின்னக் காரானால் வழியில் இரண்டு மூன்று தடவை நிறுத்த வேண்டும். வேக சார்ஜரில் ஒவ்வொரு தடவையும் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி. முன்னால் ஒரு கார் நின்றால் அதற்கும் காத்திருக்க வேண்டும். குழந்தைகளும் வயசானவர்களும் கூட இருந்தால், சாப்பாட்டு நேரத்தையும் சார்ஜ் நேரத்தையும் ஒன்றாக வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். வருஷத்துக்கு இரண்டு தடவைதான் ஊர்ப் பயணம் என்றால், அதற்கு ரயில் இருக்கிறது. அந்த இரண்டு நாளுக்காகப் பெரிய பாட்டரிக்கு லட்சக்கணக்கில் கொடுக்க வேண்டாம்.

நெருப்பும் வெள்ளமும்

2022 மார்ச்சில் வேலூரில் ராத்திரி வீட்டில் சார்ஜில் இருந்த ஒரு ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் மூச்சுத் திணறித் தகப்பனாரும் மகளும் இறந்துபோனார்கள். அதைப் படித்தவர்களுக்கு இன்னும் நெஞ்சு பதறும். அதற்குப் பிறகு மத்திய அரசு பாட்டரிப் பாதுகாப்பு விதிகளைக் கடுமையாக்கி, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலுமாக இரண்டு கட்டமாக அமலுக்குக் கொண்டுவந்தது. விதி இருந்தாலும் நாம் செய்ய வேண்டியது உண்டு. வாசற்கதவை மறித்துக்கொண்டு, மாடிப்படிக்குக் கீழே, படுக்கையறையை ஒட்டி சார்ஜ் போடாதீர்கள். கம்பெனி கொடுத்த சார்ஜரைத் தவிர வேறு வேண்டாம். வெயிலில் ஓடி வந்த வண்டி சற்று ஆறட்டும். வாங்கும்போதே எல்.எஃப்.பி. ரகப் பாட்டரியா என்று கேளுங்கள். அது சூட்டைச் சற்று அதிகம் தாங்கும்.

மழைத் தண்ணீரில் ஓட்டினால் ஷாக் அடிக்குமா என்று கேட்கிறார்கள். பாட்டரியை இறுக மூடித்தான் வைத்திருக்கிறார்கள், அடிக்காது. ஆனால் 2023 டிசம்பர் வெள்ளம் மாதிரி மணிக்கணக்கில் கார் முழுகிக் கிடந்தால், ஸ்டார்ட் செய்யவும் கூடாது, சார்ஜும் போடக்கூடாது. கம்பெனிக்காரர் வந்து பார்க்கட்டும். பாட்டரிக்கும் சேர்த்து இன்ஷூரன்ஸ் எடுத்திருக்கிறீர்களா என்பதை வெள்ளம் வரும் முன்னே பார்த்து வைப்பது நல்லது.

மொட்டை மாடி இருக்கிறதா?

சொந்த வீடும் வெயில் விழும் மொட்டை மாடியும் உள்ளவர்களுக்கு ஒரு வழி உண்டு. 2024 பிப்ரவரியில் வந்த மத்திய அரசின் சூரிய வீடு திட்டத்தில், 3 கிலோவாட் சூரியத் தகடு போட்டால் 78,000 ரூபாய் மானியம். அது தினம் சுமார் 12 யூனிட் தரும். அப்படியானால் கார் மேல்படியில் ஏற வேண்டியதே இல்லை. வடகம் காய்வதற்கும் கொஞ்சம் இடம் விட்டு வையுங்கள்!

இவ்வளவும் கேட்டுவிட்டு நாத்தனார், "அப்ப எனக்கு ஒண்ணுமே கிடையாதா?" என்றாள். ஏன் இல்லை? மின்சார ஸ்கூட்டர் ஒரு யூனிட்டுக்கு 25 கிலோமீட்டராவது ஓடும். மாதம் 500 கிலோமீட்டர் ஓடினாலும் கரண்ட் 130 ரூபாய்க்குள். பெட்ரோல் ஸ்கூட்டருக்கு 1,100 ஆகும். காய்கறிக் கடைக்கும் கோவிலுக்கும் அது போதாதா? டெபாசிட் அப்படியே இருக்கட்டும் என்று சொன்னேன். டீச்சர் கார் வாங்கிவிட்டார். நாத்தனார் வீட்டு வாசலில் ஸ்கூட்டர் நிற்கிறது. டெபாசிட் முதிர இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது.

நீங்களும் ஒரு மாதம், வண்டி தினமும் எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்று காலண்டரில் குறித்து வாருங்கள். மாதம் 800-ஐத் தாண்டி, வீட்டில் ப்ளக் பாயிண்டும் இருந்தால் தைரியமாக ஷோரூமுக்குப் போகலாம். 400-க்குள் நின்றால், கையிலிருக்கும் வண்டியையே சர்வீஸ் செய்து ஓட்டுங்கள். அடுத்த இதழில், மாதத் தவணையில் சாமான் வாங்கும்போது 'வட்டியே இல்லை' என்கிறார்களே, அந்தக் கணக்கைப் பார்ப்போம்.