ஸ்கூல் மேட்ச்தானே! யாழ்ப்பாணத்தின் ‘வடக்கின் பெரும் போர்’ பழவேற்காட்டுக்கு எதற்கு?

மார்ச் மாதத்தில் மூன்று நாள், யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி மைதானத்தில் ஒரு கிரிக்கெட் போட்டி நடக்கும். ஆடுவது இலங்கை அணி இல்லை, ஐபிஎல் ஸ்டார்களும் இல்லை. நம்ம ஊர் கணக்கில் சொன்னால் பிளஸ் டூ வயசுப் பையன்கள் 22 பேர். ஆனால் பார்க்க வருகிற கூட்டத்தில் தாத்தாக்கள் இருப்பார்கள். லண்டனிலிருந்தும் டொரண்டோவிலிருந்தும் லீவு போட்டு, டிக்கெட் எடுத்து வந்தவர்கள் இருப்பார்கள். வர முடியாதவர்கள் அங்கே விடிவதற்கு முன்பே எழுந்து போனில் லைவ் பார்ப்பார்கள்.

யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கும், பரியோவான் கல்லூரி என்று தமிழில் அழைக்கப்படும் சென் ஜோன்ஸ் கல்லூரிக்கும் இடையிலான இந்தப் போட்டிக்கு ‘வடக்கின் பெரும் போர்’ என்று பெயர். 1904-ல் தொடங்கியது. நூறாவது போட்டியை எப்போதோ தாண்டிவிட்டது.

இதைப் பற்றி இப்போது எழுதக் காரணம், சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் பழவேற்காடு. அந்த ஏரிக்கரைப் பள்ளிக்கூடத்துக்கு இப்படி ஒரு நிரந்தர எதிரி இருந்தால் என்ன என்பதுதான் கேள்வி. கேட்க விளையாட்டாக இருக்கலாம். யாழ்ப்பாணக் கதையைப் பார்த்துவிட்டு அங்கே போவோம்.

இந்தப் ‘போர்’ எப்படி ஆரம்பித்தது?

ரெண்டுமே மிஷனரிகள் தொடங்கிய பள்ளிகள். மத்திய கல்லூரியின் வேர் 1816-ல் மெதடிஸ்ட் மிஷனரிகள் ஆரம்பித்த பள்ளியில் இருக்கிறது. சென் ஜோன்ஸ், ஆங்கிலிக்கன் திருச்சபையின் சி.எம்.எஸ். மிஷனரிகள் 1823-ல் தொடங்கியது. ஒரே நகரம், ஒரே மொழி, கிட்டத்தட்ட ஒரே மாதிரியான குடும்பங்கள். சபை மட்டும் வேறு. பக்கத்து வீட்டுக்காரர்களுக்குள் வரும் போட்டிதான் எப்போதும் காரம் அதிகம் என்பது நமக்குத் தெரியாததா?

பிறகு ரெண்டு பள்ளிகளின் பாதையும் பிரிந்தது. 1960-களில் இலங்கை அரசு பள்ளிகளைத் தன்வசம் எடுத்தபோது மத்திய கல்லூரி அரசுப் பள்ளியானது; சென் ஜோன்ஸ் தனியாராகவே நின்றது. ஆக, இன்று அது ஒரு வகையில் அரசுப் பள்ளிக்கும் தனியார் பள்ளிக்கும் நடக்கும் மோதல். இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நம்ம ஊரில் இந்த ரெண்டும் சரிசமமாக எதிரெதிரே நின்று, வருடா வருடம் ஒரே மைதானத்தில் ஆடுவதை எங்காவது பார்த்திருக்கிறீர்களா?

இலங்கையில் இதற்கெல்லாம் மூத்த அண்ணன், கொழும்பில் ராயல் கல்லூரிக்கும் செயின்ட் தாமஸ் கல்லூரிக்கும் நடக்கும் ‘நீலங்களின் போர்’. அதன் தொடக்கம் 1879. அங்கே ஒரு சுவாரசியமான வழக்கு இன்னும் தீரவில்லை. 1885 போட்டியில் ராயல் அணி வெறும் 9 ரன்னுக்குச் சுருண்டது. அது தங்கள் வெற்றி என்கிறது தாமஸ் தரப்பு. டிரா என்கிறது ராயல் தரப்பு. ஆடியவர்கள் யாரும் இன்று உயிரோடு இல்லை. சண்டை மட்டும் உயிரோடு இருக்கிறது!

அப்படி என்னதான் இருக்கிறது இதில்?

கிரிக்கெட்டின் தரம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பள்ளி கிரிக்கெட்டில் கேட்ச் விழும், ரன் அவுட் ஆவார்கள், மூன்று நாளும் மெதுவாக இழுத்துப் பிறகு டிராவில் முடியும் வருடங்களும் உண்டு.

விஷயம் வேறு. இந்தப் போட்டியில் ஜெயித்தால் அடுத்த ரவுண்டு கிடையாது. தோற்றால் வெளியேற்றமும் கிடையாது. அடுத்த மார்ச்சில் அதே எதிரி திரும்ப வருவான். 1970-களில் ஆடிய ஒருவரும் போன வருடம் ஆடிய ஒரு பையனும் சந்தித்தால், ரெண்டு பேருக்கும் ஒரே எதிரி, ஒரே மைதானம். பேச உடனே விஷயம் கிடைத்துவிடும். பதினோரு பேரில் ஒருவனாக இறங்கியவன் பிற்காலத்தில் டாக்டரானாலும் டிரைவரானாலும், ‘பிக் மேட்ச் ஆடினவர்’ என்ற அடையாளம் அவனோடு கூடவே போகும்.

போர்க்காலத்தைக் கடந்தும் இது நிற்பதற்குக் காரணம் அதுதான் என்று தோன்றுகிறது. மத்திய கல்லூரி இருப்பது யாழ்ப்பாணக் கோட்டைக்கும், 1981-ல் எரிக்கப்பட்ட பொது நூலகத்துக்கும் பக்கத்தில். நிஜப் போர் நடந்த இடம். சில ஆண்டுகள் போட்டியே நடக்கவில்லை. 1995-ல் நகரமே இடம்பெயர்ந்தது. ஆனால் அணியும் எதிரியும் யார் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்ததால், திரும்பி வந்தபோது விட்ட இடத்திலிருந்து தொடர முடிந்தது. புலம்பெயர்ந்தவர்கள் போன நாடுகளில் எல்லாம் பழைய மாணவர் சங்கம் வைத்தார்கள். அந்தச் சங்கங்களின் நாள்காட்டியில் மார்ச் மாதம் நிரந்தரமாக இடம்பிடித்தது.

இந்த மேட்ச்சில் ஆடுவதால் யாராவது பெரிய இடத்துக்குப் போயிருக்கிறார்களா என்று கேட்பீர்கள். மத்திய கல்லூரி மாணவர் விஜயகாந்த் வியாஸ்காந்த், லெக் ஸ்பின்னர். 2020-ல் லங்கா பிரீமியர் லீக்கில் ஜாஃப்னா அணிக்கு ஆடினார். 2024-ல் சன்ரைசர்ஸ் ஹைதராபாத் அணியில் ஐபிஎல் ஆடினார். ஆனால் 120 வருடத்தில் இப்படி மேலே போனவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மற்ற நூற்றுக்கணக்கான பேருக்கும் அந்த மூன்று நாள்தான் உலகக் கோப்பை.

அயர்லாந்திலும் இதே கதை

இது ஏதோ இலங்கைக்கு மட்டுமான வினோதம் என்று நினைக்க வேண்டாம். அயர்லாந்தில் கேலிக் கால்பந்து என்று ஒரு விளையாட்டு உண்டு. அணிக்கு 15 பேர். பந்தைக் கையிலும் பிடிக்கலாம், காலாலும் உதைக்கலாம். கோலுக்குள் போனால் 3 புள்ளி, குறுக்குக் கம்பத்துக்கு மேலே போனால் 1 புள்ளி. (சமீபத்தில் தூரத்திலிருந்து அடித்தால் 2 புள்ளி என்று மாற்றியிருக்கிறார்கள்.) பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில், 1884-ல் தொடங்கிய கேலிக் விளையாட்டுச் சங்கம்தான் இதை நடத்துகிறது. யாழ்ப்பாணத்தார் வெள்ளைக்காரனின் ஆட்டத்தை எடுத்துத் தங்களுடையதாக்கினார்கள். ஐரிஷ்காரர்கள் அதைத் தொடவே மாட்டோம் என்றார்கள். கிரிக்கெட், ரக்பி போன்ற ‘அந்நிய’ விளையாட்டுகளை ஆடினாலோ, போய்ப் பார்த்தாலோகூட சங்கத்திலிருந்து நீக்கும் விதி 1971 வரை இருந்தது!

அங்கே வடக்குப் பகுதியான அல்ஸ்டரின் பள்ளிகள் மோதும் மெக்ரோரி கோப்பையின் இறுதிப் போட்டி, நீண்ட காலம் மரபுப்படி மார்ச் 17, செயின்ட் பாட்ரிக் திருநாளன்று நடந்துவந்தது. அகில அயர்லாந்து அளவில் ஹோகன் கோப்பை. 1946-ல் நடந்த முதல் இறுதிப் போட்டியில் அர்மா நகரின் செயின்ட் பாட்ரிக்ஸ் பள்ளி, டூவம் நகரின் செயின்ட் ஜார்லத்ஸ் பள்ளியை வென்றது. அடுத்த வருடம் அதே ரெண்டு பள்ளிகள், முடிவு மட்டும் தலைகீழ். இவை நாக்-அவுட் கோப்பைகள்தான். ஆனாலும் திரும்பத் திரும்ப அதே சில பள்ளிகள் மோதுவதால், அப்பாவைத் தோற்கடித்த பள்ளியைப் பையன் பழி தீர்க்கும் கதைகள் அங்கே சாதாரணம்.

இன்னொரு விஷயம்: அந்த விளையாட்டில் சம்பளம் இல்லை. 82,000 பேர் உட்காரும் டப்ளின் குரோக் பார்க்கில் இறுதிப் போட்டி ஆடுகிறவர்களும் திங்கட்கிழமை வேலைக்குப் போகிற ஆசிரியர்கள், விவசாயிகள். யாருக்காக ஆடுகிறோம் என்பதுதான் கூலி.

நம்மிடம் ஏன் இல்லை?

இருந்தது, வேறு வடிவத்தில். 1915 முதல் 1952 வரை சேப்பாக்கத்தில் பொங்கலை ஒட்டி இந்தியர்களுக்கும் ஐரோப்பியர்களுக்கும் இடையே பிரசிடென்சி மேட்ச் நடந்தது. ‘பொங்கல் மேட்ச்’ என்றே பெயர். எதிரணி கப்பலேறிய பின் அதுவும் போயிற்று.

இன்றைய தமிழ்நாட்டுப் பள்ளி விளையாட்டு ஒரு ஏணி. குறுவட்டம், வருவாய் மாவட்டம், மாநிலம். பாரதியார் தினப் போட்டிகள், குடியரசு தினப் போட்டிகள், முதலமைச்சர் கோப்பை. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சான்றிதழ் கிடைக்கும்; அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத இட ஒதுக்கீட்டுக்கு அது உதவும். ஏழை வீட்டுப் பிள்ளைக்கு அது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் ஏணியில் ஒரு சிக்கல் உண்டு. முதல் படியிலேயே பாதிப் பேர் இறங்கிவிட வேண்டும். ஒரு நாள் காலையில் வேனில் ஏறிப் போய், முதல் ஆட்டத்தில் தோற்று, மதியமே திரும்பி வந்தால் அந்த வருட விளையாட்டு முடிந்தது. எதிரணி யார் என்றுகூட ஞாபகம் இருக்காது. ஊர்க்காரர் ஒருவரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

சரி, பழவேற்காட்டில் எதற்கு?

பழவேற்காடு செய்தியில் வருவது எப்போது? முகத்துவாரம் தூர்ந்தால், காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்துக்கு எதிராகப் போராட்டம் நடந்தால், படகு கவிழ்ந்தால், பூநாரை வந்தால். அங்கே படிக்கும் பிள்ளைகள் செய்தியே இல்லை. கோட்டைக்குப்பம், கூனங்குப்பம், வைரவன்குப்பம், லைட்ஹவுஸ் குப்பம் என்று ஏரிக்கும் கடலுக்கும் நடுவே வாழும் பிள்ளைகளுக்கு, படிப்பு முடிந்தால் ஏரியிலேயே இருப்பதா, ஒப்பந்த வேலைக்கு வெளியே போவதா என்ற கேள்வி. போகிறவர்களை ஊரோடு கட்டி வைக்கக் கோயில் திருவிழா உண்டு, மாதா திருவிழா உண்டு. ஆனால் அவை அவரவர் ஊருக்கு, அவரவர் சமூகத்துக்கு. எல்லாக் குப்பத்துப் பிள்ளைகளும், இருளர் பிள்ளைகளும், முஸ்லிம் பிள்ளைகளும் ஒரே சட்டை போட்டு ‘நாங்க’ என்று சொல்லக்கூடிய இடம் அரசுப் பள்ளி ஒன்றுதான்.

மீனவ ஊரில் விளையாட்டு வேர் பிடிக்குமா என்று சந்தேகப்படுகிறவர்கள் கன்னியாகுமரி மாவட்டத் தூத்தூர் பக்கம் போய்ப் பார்க்கலாம். தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை என்று வரிசையாக இருக்கும் கடலோர ஊர்களுக்குள் கால்பந்துப் போட்டி கொதிக்கும். ஐஎஸ்எல் ஆடிய மைக்கேல் சூசைராஜ் அந்த இரவிபுத்தன்துறைக்காரர்தான்.

‘ஏற்கெனவே குப்பத்துக்குக் குப்பம் சண்டை. இதில் புதுசாக ஒரு எதிரியை உண்டாக்கணுமா?’ என்று கேட்டால், அந்தக் கேள்வி நியாயமானது. யாழ்ப்பாணத்திலேயே 2014-ம் ஆண்டுப் போட்டியின்போது நடந்த கைகலப்பில் ஒரு இளைஞர் உயிரிழந்தார். குடியும் கோஷமும் மைதானத்துக்குள் நுழையும்போது ‘போர்’ என்ற சொல் வெறும் சொல்லாக இருப்பதில்லை. இதை மறைத்துவிட்டு அந்த மேட்ச்சைக் கொண்டாட முடியாது.

ஆனால் போட்டியை விதிக்குள் அடக்குவது எப்படி என்று பழவேற்காட்டுக்கு வெளியூர்க்காரர் யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை. அங்கே ‘பாடு’ முறை இருக்கிறது. பாடு என்றால் ஏரியில் வலை கட்டும் இடம். எந்த இடத்தில் இறால் அதிகம் விழும் என்று எல்லோருக்கும் தெரியும். எல்லோருக்கும் அது வேண்டும். அதனால் சீட்டுப் போட்டு, முறை வைத்து, இடத்தைச் சுழற்றுகிறார்கள். இன்று நல்ல இடம் கிடைத்தவர் அடுத்த முறை நகர வேண்டும். பங்கு தலைக்கட்டுக் கணக்கில். அடிதடியில் முடியக்கூடிய ஒன்றை, பரம்பரையாக வரிசை முறையாக்கி வைத்திருக்கிறார்கள். அதிலும் பெரிய குறை உண்டு: பட்டினவர் அல்லாத மற்ற சமூகங்களுக்கு அந்தப் பட்டியலில் இடம் இல்லை, பல பத்தாண்டுகளாக நடக்கும் தகராறு அது. பள்ளிச் சட்டைக்கு அந்தத் தடை கிடையாது என்பதால்தான் பள்ளியைச் சொல்கிறோம்.

எதிரி யார்? குப்பத்துக்குள்ளேயே தேட வேண்டாம். சுமார் 20 கிலோமீட்டரில் பொன்னேரி இருக்கிறது. தாலுகா தலைநகரம், வயல் பக்கம், ரயில் நிலையம் உள்ள ஊர். ஏரிக்காரர்களுக்கும் வயல்காரர்களுக்கும் சொல்லிக்கொள்ள ஏற்கெனவே நிறைய கிண்டல் இருக்கும். ஆட்டம் கபடியாக இருக்கட்டும். மணலிலும் ஆடலாம், செலவு இல்லை. யாழ்ப்பாணத்து மேட்ச் முழுக்க ஆண் பிள்ளைகளின் விவகாரம். இங்கே அந்தத் தப்பு வேண்டாம், மாணவிகள் ஆட்டத்தை முதலில் வையுங்கள். ஒரு வருடம் அங்கே, மறு வருடம் இங்கே. நாள் மட்டும் மாறவே கூடாது. மழைக்காலம் முடிந்து, பொதுத்தேர்வு நெருங்குவதற்கு முன்னால் ஜனவரி கடைசி சனிக்கிழமை சரியாக வரும்.

அரசாணை, நிதி ஒதுக்கீடு எதுவும் வேண்டியதில்லை. ரெண்டு தலைமை ஆசிரியர்களும் ரெண்டு உடற்கல்வி ஆசிரியர்களும் உட்கார்ந்து பேசினால் போதும். கோடு போடச் சுண்ணாம்பு, ஒரு நடுவர், குடிக்கத் தண்ணீர், குடித்துவிட்டு வருகிறவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்ப ரெண்டு போலீஸ். கோப்பையைப் பொன்னேரிக் கடையிலேயே வாங்கிவிடலாம். அடியில் மரப்பீடம் கொஞ்சம் பெரிதாக இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள்; வருடா வருடம் ஒரு பெயர் பொறிக்க வேண்டியிருக்கும்.