நீரைக் காப்பவனுக்கும் மானியம் வேண்டும்

2019-ஆம் ஆண்டுக் கோடையில் திருவல்லிக்கேணிச் சந்துகளில் பிளாஸ்டிக் குடங்கள் விடியுமுன்னரே வரிசைகட்டி நின்ற காலத்தில், ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலேறி வந்த தண்ணீர் பத்திரிகைகளில் பிரசித்தி பெற்றது. திருவள்ளூர் மாவட்டத்துப் பூண்டி, தாமரைப்பாக்கம் முதலிய பகுதிகளின் விவசாயக் கிணறுகளிலிருந்து குடிநீர் வாரியம் விலைகொடுத்து வாங்கி லாரிகளில் ஏற்றிவந்த தண்ணீரைப் பற்றியோ பேசினவர் சிலரே. வயலுக்குப் பாய வேண்டிய நீர் நம் குடத்தில் விழுந்தது. கிணற்றின் சொந்தக்காரருக்குச் சாகுபடியைவிட நிச்சயமான வரும்படி அதில் உண்டு. ஆனால் நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்ப் பிழைக்கிற நிலமற்ற கூலி ஜனங்களுக்கு, வயல் தரிசாகக் கிடக்கும் பருவத்தில் அரைவயிற்றுக் கஞ்சிக்கும் வழியில்லை.

நீரை இறைத்துத் தருபவனுக்குப் பணம் கொடுக்க அறிந்த அரசாங்கம், அதைப் பூமிக்குள் காத்து வைப்பவனுக்கு என்ன கொடுக்கிறது என்பதே என் கேள்வி. பம்புசெட்டுக்கு முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக மின்சாரம் இலவசம். சொட்டுநீர்ப் பாசனக் கருவிகளுக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு நூறு சதவீதமும் ஏனையோருக்கு 75 சதவீதமும் மானியம். இவற்றை நான் குறை கூறவில்லை. சிறு விவசாயி இவையின்றிப் பிழைப்பது துர்லபம். எனினும் குழாய்க்குக் கொடுக்கும் மானியத்தால் மிச்சமாகும் நீர் பூமியிலேயே தங்கும் என்பதற்கு உத்தரவாதம் ஏது? மோட்டார் முன்போலவே ஓட, மிச்சமான நீரில் இன்னும் ஓர் ஏக்கர் விளைகிறது. கிணற்றின் மட்டம் மட்டும் ஏறுவதில்லை. மீஞ்சூர்ப் பக்கத்தில் அளவுக்கு மிஞ்சி இறைத்ததன் பலனாகக் கடல்நீர் நிலத்தடியில் பல கிலோமீட்டர் உட்புகுந்து, தலைமுறைகளாக இனித்த கிணறுகளை உப்பாக்கிவிட்டது.

காப்பதற்குக் கொடுப்பது நமக்குப் புதிய தர்மமன்று. பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்ச் சபையில் ஏரி வாரியம் என்று தனியே ஒரு குழு இருந்தது; ஏரியைப் பராமரிப்பதற்கென்றே ஏரிப்பட்டி என்னும் நிலம் ஒதுக்கி, அதன் வருவாயை அப்பணிக்கே செலவிட்டார்கள். நம் காலத்தில், நியூயார்க் நகரம் 1990-களில், தன் குடிநீர் ஊறிவரும் கேட்ஸ்கில் மலைப்பக்கத்துப் பண்ணைக்காரர்கள் ஓடைகளை அசுத்தப்படுத்தாமல் தொழில் நடத்துவதற்கான செலவைத் தானே ஏற்று, பல நூறு கோடி டாலர் விழுங்கியிருக்கக்கூடிய சுத்திகரிப்பு நிலையத்தைத் தவிர்த்துக்கொண்டது. அண்டை மாநிலமான கேரளம், நெல்வயலை மனையாக்காமல் வயலாகவே வைத்திருப்போருக்கு 2020 முதல் ஹெக்டேருக்கு ஆண்டுதோறும் 2,000 ரூபாய் வழங்கத் தொடங்கியது. தொகை அற்பமே, மனை வியாபாரி காட்டும் விலைக்கு முன்னால் அது நிற்காது. ஆயினும், மழைநீரைத் தேக்கி நிலத்தடிக்கு அனுப்பும் வயல் ஊருக்கெல்லாம் ஓர் ஊழியம் செய்கிறது என்பதைச் சர்க்கார் பணத்தாலேயே ஒப்புக்கொண்டது அங்கேதான்.

இப்படிப்பட்ட மானியம் பட்டாதாரரின் பையில் விழுந்து, உழுகிற குத்தகைதாரரைச் சேராமற்போகும் என்று ஆட்சேபிப்போர் உண்டு. ஆட்சேபம் நியாயமானது. ஆகையால் பணம் சாகுபடி செய்பவர் பெயருக்கே போகவேண்டும். பட்டாவின் பரப்பைக் கொண்டன்றி, கிணற்று நீர்மட்டத்தையும் வரப்பின் உயரத்தையும் பண்ணைக்குட்டையின் நிலையையும் நேரில் அளந்து கொடுக்கவேண்டும்.

பூண்டியும் தாமரைப்பாக்கமும் அடங்கிய கொசஸ்தலை ஆற்றுப் படுகையில் ஒரே ஓர் ஒன்றியத்தில் குடிநீர் வாரியமும் வேளாண்மைத் துறையும் சேர்ந்து, வரும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்னரே இதைத் தொடங்கலாம். அதன்பொருட்டு நம் குடிநீர் வரி சிறிது கூடுமானால், திருவல்லிக்கேணிவாசிகளாகிய நாம் முணுமுணுக்காமல் அதைக் கட்டவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.