வரலாற்றின் திருப்பம் வாளிலா, அச்செழுத்திலா?

ஐரோப்பிய வரலாற்றின் திருப்புமுனைகள் யாவை என மாணாக்கரை வினவின், ஆண்டுகளை வரிசையாக ஒப்புவிப்பர். 1453 கொன்ஸ்தாந்திநோபிளின் வீழ்ச்சி. 1492 கொலம்பசின் கடற்பயணம். 1789 பிரெஞ்சுப் புரட்சி. 1914 முதலாம் உலகப்போர். விடை பிழையன்று, புள்ளியும் கிடைக்கும். ஆயினும், முடிகளும் படைகளும் கப்பல்களும் இடம்பெற்ற அவ்வரிசையில் ஒரு பட்டறைக்கு இடமில்லாது போனமை பெருங்குறை என்பது எமது கருத்து. தமிழ் கற்பிப்போர்க்கு ஐரோப்பிய வரலாற்றில் என்ன வேலை எனச் சிலர் நகைத்தலும் கூடும். ஏட்டில் உறங்கிய தமிழ் நூல்களை எழுப்பிய கலை அப்பட்டறையிலேயே உருப்பெற்றது. ஆதலின் அதுபற்றிப் பேச எமக்கும் உரிமை உண்டு.

1453 ஆம் ஆண்டையே எடுத்துக்கொள்வோம். துருக்கிய மன்னன் இரண்டாம் முகம்மது அந்நகரைக் கைப்பற்றினான். கிரேக்கப் புலவர் நூல்களோடு இத்தாலிக்கு ஓடினர். அதனால் ஐரோப்பாவிற் கல்வி மறுமலர்ச்சி எய்திற்று என்று பாடநூல்கள் பல கூறும். இது பாதி உண்மையே. நகரம் வீழ்வதற்கு ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னரே, 1397 இல், மனுவேல் கிறிசொலோராஸ் என்னும் அறிஞர் புளோரன்சு நகரிற் கிரேக்கம் கற்பிக்கத் தொடங்கிவிட்டார். கிரேக்கக் கல்வி முன்னரே வந்துவிட்டது. வந்த கல்வி மீண்டும் அழிந்து போகாதவாறு காத்தது எது என்பதே கேட்கத்தக்க வினா.

அதற்கு விடை ஜேர்மனியின் மைன்ஸ் நகரில் உளது. பொன்வேலைத் தொழிலில் அனுபவம் வாய்ந்த கூட்டன்பேர்க் என்பார், ஈயம், வெள்ளீயம், அந்திமனி ஆகியவற்றின் கலவையைத் தனித்தனி எழுத்துக்களாக வார்த்தார். எண்ணெய் கலந்த மையை ஆக்கினார். முந்திரிப்பழம் பிழியும் பொறியை ஒத்த பொறியொன்றை அச்சுக்குப் பயன்படுத்தினார். 1455 ஆம் ஆண்டளவில் அவர் பட்டறையினின்றும் விவிலிய நூல் ஏறத்தாழ 180 படிகளாக வெளிவந்தது. ஒரு படியை எழுதி முடிக்க எழுத்தாளன் மாதக்கணக்காக வருந்திய காலம் அது என்பதை நினைவிற் கொள்க. அவ்வாண்டிலேயே கடன் கொடுத்த பூஸ்ட் என்பார் வழக்காடி வெல்ல, கூட்டன்பேர்க் தம் உழைப்பின் பயனை இழந்தார். ஆயினும் கலை அழியவில்லை. 1462 இல் மைன்ஸ் நகர் சூறையாடப்பட்டபோது அச்சுத் தொழிலாளர் பல திசைகளிற் சிதறினர். சென்ற இடமெல்லாம் தொழிலையுங் கொண்டு சென்றனர். 1500 ஆம் ஆண்டு பிறக்குமுன் ஐரோப்பாவில் இருநூற்றுக்கு மேற்பட்ட நகரங்களில் அச்சகங்கள் இருந்தன.

இதன் பயனை இருவர் வாழ்க்கையால் அளந்து காண்போம். திருச்சபையின் குறைகளை எடுத்துரைத்த போகீமிய நாட்டு ஜோன் ஹஸ் 1415 இல் எரித்துக் கொல்லப்பட்டார். அவர் கருத்து அந்நாட்டு மக்களை எழுச்சிகொள்ளச் செய்ததாயினும் அதன் எல்லையைப் பெரிதுங் கடக்கவில்லை. நூறாண்டின் பின், 1517 இல், மாட்டின் லூதர் தம் தொண்ணூற்றைந்து வாதங்களை வெளியிட்டார். ஆண்டு முடியுமுன்னரே அவை லைப்சிக், நூரம்பேர்க், பாசல் ஆகிய நகரங்களில் அச்சேறின. 1522 செப்டெம்பரில் அவர்தம் ஜேர்மன் மொழிப் புதிய ஏற்பாடு வெளிவந்தது. திசெம்பரில் மறுபதிப்பு வேண்டியதாயிற்று. இருவர்க்கும் துணிவு உண்டு, கல்வியும் உண்டு. ஒருவர்க்கு அச்சு இருந்தது, மற்றவர்க்கு இல்லை.

விஞ்ஞானத்தின் கதையும் அத்தகையதே. 1543 இல் கொப்பேர்னிக்கசின் வானியல் நூல் நூரம்பேர்க்கிலும், வெசேலியசின் உடற்கூற்று நூல் பாசலிலும் வெளிவந்தன. கையாற் படியெடுக்குந்தோறும் படங்கள் திரிந்து போதல் இயல்பு. அச்சிலோ பாதுவாவில் இருப்போனும் பாரிசில் இருப்போனும் ஒரே படத்தை நோக்கி வாதிடலாம். இவ்வாற்றலை ஆட்சியாளர் உணராதிருக்கவில்லை. 1559 இல் உரோமாபுரி தடைசெய்யப்பட்ட நூல்களின் பட்டியலை வெளியிட்டது. இங்கிலாந்தில் அனுமதியின்றி அச்சிடும் உரிமை வேண்டி மில்டன் 1644 இல் எழுதினார். அனுமதிச் சட்டம் காலாவதியானது 1695 இலேதான். அச்சு உண்மையை மட்டும் பரப்பிற்று என்று யாம் கூறவில்லை. சூனியக்காரிகளை வேட்டையாடத் தூண்டிய நூலும் 1486 ஆம் ஆண்டளவில் அச்சாகிப் பலமுறை பதிப்புக் கண்டது. பொறிக்கு மெய்யும் பொய்யும் ஒன்றே; பகுத்தறிதல் படிப்போன் கடமை.

இனி, சீன தேசத்துப் பி ஷெங் என்பார் பதினொராம் நூற்றாண்டிலேயே களிமண்ணில் தனி எழுத்துக்களை ஆக்கினார். கொரியாவில் 1377 இல் உலோக எழுத்தால் அச்சிட்ட நூலொன்று இன்றும் உளது. அங்ஙனமிருக்க, அப்பெருந்திருப்பம் ஐரோப்பாவில் நேர்ந்தது ஏன்? நூற்றுக்குட்பட்ட எழுத்துக்களால் நூல் முழுவதையும் கோத்தல் அங்கு எளிதாயிற்று. வாங்கிப் படிப்போரும், விற்று ஊதியம் பெறும் வணிகரும், வாதிட விரும்பும் மாணாக்கரும் இருந்தனர். கருவி மட்டும் வரலாற்றைத் திருப்பாது. கருவியை ஏற்கும் மக்களே திருப்புவர். இதுவே யாம் வற்புறுத்தும் கருத்து.

இக்கருத்துக்கு எம் மொழியே சான்று. அச்சு மெக்சிக்கோவை 1539 இலும் கோவாவை 1556 இலும் அடைந்தது. 1578 இல் கொல்லத்தில் அண்டிரிக் அடிகளாரின் ‘தம்பிரான் வணக்கம்’ தமிழ் எழுத்தில் அச்சாயிற்று. ஆனால் அதன்பின் இரண்டரை நூற்றாண்டாக அச்சுப்பொறி பெரும்பாலும் பிறர் கையிலேயே இருந்தது. மானிப்பாயில் அமெரிக்க மிசனார் 1834 இல் அச்சகம் அமைத்தனர். பார்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்குத் துணைநின்ற ஆறுமுக நாவலர், அச்சின் வலிமையை அருகிருந்து கண்டவர். 1849 இல் சென்னை சென்று அச்சுப்பொறி கொணர்ந்து வண்ணார்பண்ணையில் நிறுவினார். எவர் சமயத்தை மறுத்தாரோ அவர் கருவியை மறுத்தாரல்லர். அவர் வழியில், சி. வை. தாமோதரம்பிள்ளை 1881 இல் வீரசோழியத்தையும் 1887 இற் கலித்தொகையையும் பதிப்பித்தார். தமிழர்க்குத் திருப்புமுனை 1578 அன்று. அப்பொறியைத் தமக்கென ஏற்ற பத்தொன்பதாம் நூற்றாண்டே என்போம்.

1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. அவற்றுட் பல படிகளாக அச்சானவற்றை வேறிடங்களில் தேடிப்பெற வழியுண்டு. ஒரே படியாய் இருந்த ஏடுகளை எங்கே தேடுவது? படி பெருக்கப்படாத அறிவு ஒரு தீக்குச்சிக்கும் ஒரு கறையானுக்கும் அஞ்சி வாழ்வது.

ஆதலின் இவ்விழா மலரைப் படிக்கும் பழைய மாணவர்க்கு எமது விண்ணப்பம் ஒன்று. பந்தலுக்கும் விருந்துக்கும் செலவிடும் பொருளில் ஒரு பகுதியை, அச்சேறாத ஏடுகளையும் மறுபதிப்புக் காணாத ஈழத்து நூல்களையும் வெளியிட ஒதுக்குக. நூறு படிகளாயினும் போதும். கூட்டன்பேர்க் நூற்றெண்பதிற்றான் தொடங்கினார். மாணாக்கர்க்கும் ஒன்று கூறுவோம். ஆண்டுகளை மனனஞ் செய்க. செய்தபின், அவ்வாண்டில் மக்கள் கையில் எது புதிதாக வந்தது, அதனைக் கொண்டு அவர் யாது செய்தனர் என்றும் வினவுக. உங்கள் கையில் இன்று உள்ளது யாது என்னும் வினாவும் அதனைத் தொடர்ந்து எழும். அதற்கு விடை கூற வேண்டியவர் நீங்களே.