காற்றின் மேல் போடும் பழி

பெப்ரவரியில் இரண்டு இரவு கற்பிட்டியின் கண்டக்குளிக் கடற்கரையில் கூடாரம் போட்டுத் தங்கப்போகிறோம் என்றதும் குடும்பம் முழுக்க ஒரே பேச்சு. "புள்ள வளரட்டும் மகள், கடல் காத்து ஆகாது." மாமி சொன்னா, சாச்சி சொன்னா, பக்கத்து வீட்டு ராத்தா மதிலுக்கு மேலால் எட்டிச் சொன்னா. மகனுக்கு அப்போது இருபது மாதம். அவனுடைய வாப்பா கூட்டாளிமாரோடு ஐந்தாறு தடவை கற்பிட்டிக்குப் போய் மணலில் படுத்தெழும்பி வந்தவர். அவரை ஒருவரும் மறிக்கவில்லை.

"வளரட்டும்" என்ற சொல் பிள்ளையைக் காப்பதாகச் சொல்லிக்கொண்டு தாயைத்தான் கட்டிப்போடுகிறது. மூத்தது வளர்வதற்குள் இளையது வந்துவிடும். சாச்சிக்கு நாலு பிள்ளைகள். புத்தளத்தில் இருந்துகொண்டு, தினமும் களப்பைப் பார்த்துக்கொண்டு, ஒரு மணித்தியாலப் பயணத்தில் இருக்கும் பெருங்கடலைப் பதினாலு வருஷம் அவ காணவில்லை.

காற்று சளியைக் கொடுப்பதில்லை. அதைக் கொடுப்பது வைரஸ். ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றுவது. ஜன்னல் பூட்டிய அறையில், பார்க்க வந்தவர்கள் ஒவ்வொருவராகத் தூக்கிக் கொஞ்சிவிட்டுப் போகும் வீட்டில், அது லேசாகப் பரவும். அதே அறைக்குள் காலையில் சாம்பிராணி, இரவில் நுளம்புச் சுருள். காற்றுப் படாமல் வளர்க்கிறோம் என்று பிஞ்சு நெஞ்சுக்குப் புகையைக் கொடுக்கிறோம்.

இதே கரையில் இருக்கும் தலவில் புனித அன்னம்மாள் கோவில் திருவிழாவுக்குப் போய்ப் பாருங்கள். மார்ச்சில் ஒன்று, ஓகஸ்டில் பெரியது. ஓகஸ்ட் என்றால் தென்மேல் காற்று மணலை வாரி முகத்தில் அடிக்கும் மாதம். தமிழரும் சிங்களவருமாகக் குடும்பம் குடும்பமாக வந்து, மரத்தடியில் கூடாரம் அடித்து, கைக்குழந்தைக்கு ஏணை கட்டி, நாட்கணக்கில் தங்குகிறார்கள். மீன்பிடிக் காலங்களில் வாடி போட்டுத் தங்கும் குடும்பங்களிலும் தவழும் பிள்ளைகள் உண்டு. நேர்ச்சைக்கும் தொழிலுக்கும் ஆகும் காற்று, ஒரு தாய் ஆசைப்பட்டுப் போனால் மட்டும் ஆகாமல் போகிறது.

போன பயணம் சுகமாக அமைந்தது என்று நான் சொல்லவில்லை. முதல் இரவு கூடாரத் துணி படபடத்த சத்தத்துக்கு மகன் திடுக்கிட்டு எழும்பி வீரிட்டான். ஒரு மணியிலிருந்து மூன்று மணி வரை தோளில் போட்டுக்கொண்டு மணலில் நடந்தேன். சோற்றில் மணல், பேம்பர்ஸுக்குள் மணல், கண்ணைக் கசக்கிய கையிலும் மணல். விடிந்ததும் கூடார வாசலில் மூன்று கழுதைகள் நின்றன. கற்பிட்டிப் பக்கம் கழுதைகள் மாடுகளைப் போலத் தெருவில் திரியும். மகன் அசையாமல் பார்த்தான். பிறகு "கயுத" என்றான். அதுவரை உம்மா, வாப்பா, பால், போ என்ற நாலு சொல்தான் அவனிடம் இருந்தது.

அன்று காலை கரைவலை இழுத்தார்கள். கயிற்றின் கடைசி நுனியை ஒரு பெரியவர் அவன் கையில் கொடுத்தார். அவனும் குதியை மணலில் ஊன்றி இழுத்தான். மடி கரையேறி, சூடையும் கீரியும் துள்ளியபோது அவன் போட்ட கூச்சலில் நான் நேரத்தை மறந்துவிட்டேன். தவறு அங்கேதான் நடந்தது. பதினொரு மணி வெயிலில், தொப்பியும் இல்லாமல், ஒன்றரை மணித்தியாலம் நிற்க விட்டிருந்தேன். பகல் அவன் சோர்ந்து விழுந்தான். உடம்பு கொதித்தது. இரண்டு தடவை சத்தி எடுத்தான். பேம்பர்ஸ் காய்ந்தே கிடந்தது. தென்னை நிழலில் கிடத்தி, ஈரத்துணியால் துடைத்து, ஜீவனி கரைத்துக் கரண்டி கரண்டியாகப் பருக்கினோம். பின்னேரத்துக்குள் சிறுநீர் போகாவிட்டால் ஆஸ்பத்திரிக்கு ஓட ஆட்டோவையும் நிறுத்தி வைத்திருந்தோம். நாலு மணிக்குச் சிறுநீர் போனது.

தொலைபேசியில் விஷயத்தைக் கேட்டவர்கள் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "காத்துப் பட்டிருக்கு." வெயிலைப் பற்றி ஒருவர் வாய் திறக்கவில்லை. இந்த நம்பிக்கையின் மேல் எனக்கு இருக்கும் கோபம் இதுதான். காற்றைக் குற்றவாளியாக்கி வைத்தால், உண்மையில் பிள்ளையைக் கொல்லக்கூடியது கண்ணில் படாமல் போய்விடும்.

தண்ணீரைப் பாருங்கள். கற்பிட்டிக் குடாநாடு மணல் நிலம். வெங்காயத்துக்கும் மரக்கறிக்கும் கொட்டும் உரம் நேரே நிலத்தடி நீருக்கு இறங்குகிறது. ஒரு லீற்றரில் 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. இங்குள்ள தோட்டக் கிணறுகள் பலவற்றில் அது தாண்டியிருப்பதை ஆய்வாளர்கள் பல வருஷங்களுக்கு முன்பே கண்டிருக்கிறார்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட புட்டிப்பால் குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் திறனை அந்த நைத்திரேற்று கெடுக்கும். உடம்பு நீலம் பாயும். கொதிக்க வைத்தால் அது போகாது, நீர் வற்ற வற்ற இன்னும் செறியும். காது மறைக்கத் தொப்பி போட்டாயா என்று கேட்ட அத்தனை பேரில், பால் கரைக்க எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்று கேட்டவர் யாருமில்லை. நாங்கள் தண்ணீரை வீட்டிலிருந்தே கொண்டுபோயிருந்தோம்.

உம்மாவின் மறுப்பு மட்டும் வேறு. அதற்கு முன்னால் நான் பேச்சடங்கிப் போனேன். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, மன்னார்த் தீவிலிருந்து வள்ளத்தில் ஏறி இதே கற்பிட்டிக் கரையில் வந்திறங்கியவர்களில் உம்மாவும் ஒருத்தி. அவவின் இடுப்பில் இருந்தது ஒன்றரை வயது நான். பிறகு வருஷக்கணக்காக அகதி முகாமில் கிடுகுக் கொட்டில்தான் வீடு. எனக்கு அதில் ஒன்றும் நினைவில்லை. "ஒன்னக் கொட்டிலுல வளத்தது போதாதா? இப்ப ஆசைக்கிப் போய்ப் படுக்கணுமா?" என்று கேட்டா. முகாம் என்ற சொல்லே எங்கள் பக்கம் ஒரு காயத்தின் பெயர். ஆனாலும் விரட்டப்பட்டு வந்த கரைக்கு ஒருநாள் நாமாக விரும்பிப் போகக்கூடாதா என்று எனக்குள் ஒன்று கேட்டுக்கொண்டே இருந்தது. அதை உம்மாவிடம் சொல்ல வாய் வரவில்லை.

பேரனுக்குச் சுகமில்லை என்றதும் அவ அன்று அந்தியிலேயே கஞ்சிப் போத்தலோடு ஆட்டோவில் வந்து இறங்கிவிட்டா. கடலை ஒருதரம் பார்த்தா, ஒன்றும் பேசவில்லை. கூடாரத்துக்குள் போய் அவனை மடியில் கிடத்தி, காற்று வராமல் சிப்பை மேலே வரை இழுத்துப் பூட்டினா. கால் மணித்தியாலம் போயிருக்காது. உள்ளே புழுக்கத்தில் அவன் கழுத்தெல்லாம் வேர்த்து, புரண்டு புரண்டு சிணுங்கினான். உம்மா முந்தானையால் துடைத்தா, விசிறினா. பிறகு எட்டி, இரண்டு பக்கச் சிப்பையும் தானே திறந்துவிட்டா.