“நோட்ஸ் இல்லையே, பாட்டி!”

மூன்று ஆண்டுகளுக்கு முன் தசரா போனஸ் கைக்கு வந்ததும் என் மகளுக்கு ஒரு கீபோர்டு வாங்கிக் கொடுத்தேன். ஒரு இசை வகுப்பிலும் சேர்த்தேன். மாதக் கட்டணம் தனி, புத்தகம் தனி, தேர்வுக் கட்டணம் தனி. ஒரு ரயில்வே குமாஸ்தாவின் சம்பளத்தில் அது சிறிய தொகை அல்ல. ஆனாலும் இரண்டு சான்றிதழ்கள் கண்ணாடிச் சட்டத்தில் ஏறியபோது மனம் குளிர்ந்தது உண்மைதான்.

ஒரு கிருத்திகை அன்று பத்மாராவ் நகர் ஸ்கந்தகிரி முருகன் கோயிலுக்குக் குடும்பத்தோடு போய் வந்தோம். அங்கே கேட்ட பாட்டை வாசித்துக் காட்டும்படி என் தாயார் பேத்தியைக் கேட்டார். குழந்தை விழித்தாள். “அதுக்கு நோட்ஸ் இல்லையே, பாட்டி!” என்றாள்.

அந்த வகுப்பைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. தேர்வில் தேற வைப்பதாகச் சொன்னார்கள், தேற வைத்தார்கள். சான்றிதழ் கேட்டது நாம்தான். செகந்திராபாத்திலும் ஐதராபாத்திலும் உள்ள நம்மவர் வீடுகள் பலவற்றில் இதுதான் கதை. இசையையும் இன்னொரு டியூஷனாக்கிவிட்டோம். இதற்கு மாற்று வழி இல்லையா? உண்டு.

மயிலாப்பூர் லஸ் பகுதியில் சாயி லாட்ஜ் என்ற விடுதியில் ஒரு சிறிய அறை. அங்கேதான் தன்ராஜ் மாஸ்டர் பியானோவும் மேற்கத்திய இசை இலக்கணமும் சொல்லிக் கொடுத்தார். 1968-ல் பண்ணைப்புரத்திலிருந்து சென்னைக்கு வந்த ராசய்யா என்ற இளைஞர் அந்த அறைக்குப் போய்ச் சேர்ந்தார். ‘ராஜா’ என்று அவருக்குப் பெயர் வைத்தவர் தன்ராஜ் மாஸ்டரே. 1976-ல் ‘அன்னக்கிளி’ வந்தபின் அவர் யார் என்பதை நாடு அறிந்தது. ஏ.ஆர். ரகுமானும் தன்ராஜ் மாஸ்டரிடம் பயின்றவரே. பெரிய கட்டிடம் வேண்டியிருக்கவில்லை. குருவும் ஒரு வாத்தியமும் கற்கும் தாகமும் போதுமானதாக இருந்தன.

இதேபோன்ற ஓர் ஆசான் கடல் கடந்து அமெரிக்காவிலும் இருந்தார். பெயர் பாரி ஹாரிஸ். ஜாஸ் பியானோக் கலைஞர், இசையமைப்பாளர். ஜாஸ் என்பது கறுப்பின அமெரிக்கர்கள் வளர்த்த இசை. நம் வித்வான்கள் மேடையில் கல்பனா ஸ்வரம் பாடுவதுபோல், அவர்களும் அந்தந்த நேரத்து மனோதர்மப்படி வாசிப்பார்கள். எழுதி வைத்ததை ஒப்பிப்பவனுக்கு அதில் இடமில்லை.

ஹாரிஸ் 1929-ல் மோட்டார் தொழிலாளர் நகரமான டெட்ராய்ட்டில் பிறந்தார். மாதா கோயிலில் பியானோ வாசித்த தாயார்தான் முதல் குரு. 1950-களில் அவர் வீடே இளைஞர்களுக்குப் பள்ளிக்கூடமாயிற்று. பின்னர் நியூயார்க்கில் 1974 முதல் வாரந்தோறும் வகுப்பு நடத்தினார். 1982-ல் தொடங்கிய ஜாஸ் கல்ச்சுரல் தியேட்டர் என்ற கூடம் ஐந்தே ஆண்டுகளில் மூடப்பட்டது; வகுப்போ நிற்கவில்லை. கொரோனா காலத்தில் கம்ப்யூட்டர் திரை வழியாகவும் நடந்தது. 2021 டிசம்பரில், 91 வயதில் காலமாகும்வரை அவர் ஆசிரியராகவே இருந்தார்.

கற்றுக்குட்டியும் தேர்ந்த கலைஞனும் அங்கே ஒரே அறையில் உட்காருவார்கள். அவர் ஒரு சொற்றொடர் அளவுக்கு இசையைப் பாடிக் காட்டுவார். எல்லோரும் திருப்பிச் சொல்ல வேண்டும். காதில் விழுந்து, வாயில் வந்து, பிறகுதான் விரலுக்கு. நம் பாட்டு வாத்தியார் திண்ணையில் செய்ததும் இதுதானே!

அவர் கற்பித்த பாடம் ஒன்றை வீட்டிலுள்ள கீபோர்டிலேயே பார்க்கலாம். இரட்டைக் கறுப்புக் கட்டைகளுக்கு இடப்பக்கத்தில் உள்ள வெள்ளைக் கட்டையை ‘ச’ என்று வையுங்கள். அங்கிருந்து ஏழு வெள்ளைக் கட்டைகள் ஏழு ஸ்வரங்கள். அத்துடன் ‘ப’வுக்கும் ‘த’வுக்கும் நடுவேயுள்ள கறுப்புக் கட்டையையும் சேர்த்தால் எட்டு. ச, க, ப, த நான்கையும் சேர்த்து அழுத்துங்கள். வீட்டில் இருப்பதுபோல் ஒரு நிம்மதி. மீதி நான்கையும் அழுத்துங்கள். வெளியூரில் நிற்பதுபோல் ஒரு தவிப்பு. மறுபடி முதல் நான்கு, வீடு வந்துவிட்டது. இந்தப் போக்குவரத்திலிருந்தே இசை நகர்கிறது என்பது அவர் போதனை. பிழைப்புக்காக ஊர் விட்டு வந்த நமக்கு இது எளிதில் புரியும்.

அவருடைய மாணவர் சார்லஸ் மெக்ஃபர்சன் பின்னாளில் புகழ்பெற்ற சாக்ஸபோன் கலைஞரானார். சிறுவனாக இருந்தபோது அவருடைய பள்ளி ரிப்போர்ட் கார்டை ஹாரிஸ் பார்த்தார். எல்லாம் நடுத்தர மதிப்பெண்கள். பள்ளியில் சராசரியாக இருந்தால் இந்த இசையும் கைவராது, இதற்கும் மூளை வேண்டும் என்று ஹாரிஸ் சொன்னாராம். அதன்பின் அந்தச் சிறுவன் புத்தகங்களைத் தேடிப் படித்தான், படிப்பிலும் முன்னேறினான். “படிப்பா, பாட்டா?” என்று பிள்ளைகளை மிரட்டும் பெற்றோர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அப்படியானால் நோட்ஸும் பரீட்சையும் வேண்டாமா என்ற கேள்வி எழும். வேண்டும். இளையராஜாவே லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிடார் தேர்வில் தங்கப் பதக்கம் பெற்றவர். எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கு வாத்தியக் குழுவில் இடம் கிடைப்பது கடினம். ஆனால் டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் எனக்கு ஒன்று தெரியும். டிக்கெட் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக் கொள்வது பயணம் அல்ல.

நம் தமிழ் அமைப்புகளுக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டு விழாவுக்குச் சென்னையிலிருந்து மெல்லிசைக் குழுவை வரவழைக்கிறோம், நல்லதுதான். அந்தச் செலவில் ஒரு பகுதியை ஒதுக்கினால், ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் ஒரு கூடத்தில் எல்லா வயதினருக்கும் ஒரு வகுப்பு நடத்த முடியாதா? ஆங்கிலோ இந்தியர் வாழ்ந்த காலத்தில் ரயில்வே இன்ஸ்டிட்யூட்டுகளில் பியானோ ஒலித்தது. அதே கூடங்களில் இன்று வாடகைக்குக் கல்யாணம் நடக்கிறது. கேட்டால் ஒரு மூலை கிடைக்காமலா போகும்? மேளம் தெரிந்த மாமாவும் ஆர்மோனியம் தெரிந்த பெரியவரும் நம் குவார்ட்டர்ஸிலேயே இருக்கிறார்கள்.

பாட்டி விடவில்லை. அந்தப் பாட்டைத் தானே வரி வரியாகப் பாடினார். பேத்தி கட்டை கட்டையாகத் தேடினாள். ஒரு வரிக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. இரண்டு இடத்தில் சுருதியும் தப்பிற்று. ஆனால் அந்த ஒரு வரிக்கு அவளுக்கு நோட்ஸ் தேவைப்படவில்லை.