இருபது மடங்கு அசடு

அப்பா ரிடையர் ஆனதும் அவருக்கு ஏதாவது வாங்கித் தரவேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை. வேட்டி வாங்கினால் பீரோவுக்குள் போய்விடும். ஸ்வீட் வாங்கினால் டாக்டர் திட்டுவார். "சின்ன வயசுல உன்னை வேடந்தாங்கல் கூட்டிட்டுப் போனேனே, ஞாபகம் இருக்காடா?" என்று அவர் மாதம் ஒருதரம் கேட்பது நினைவுக்கு வந்தது. சரி, பைனாகுலர் வாங்கிவிடலாம் என்று கிளம்பினேன்.

கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். "இது எட்டு மடங்கு ஸார், சின்னது. இது 20×50. இருபது மடங்கு. பறவை மூக்குல ஈ உட்கார்ந்தாக்கூடத் தெரியும்."

நான் பி.காம். முதல் வகுப்பு. இருபது கிடைக்கிற இடத்தில் எட்டை வாங்குவேனா? இருபதைத் தூக்கிக்கொண்டு வந்தேன். தூக்கிக்கொண்டு என்று சும்மா சொல்லவில்லை. ஏறக்குறைய ஒரு கிலோ!

ஜனவரியில் ஒரு சாயங்காலம் வேடந்தாங்கல் போனோம். ஏரியில் நிற்கிற மரமெல்லாம் பறவை. அந்த ஊர்க்காரர்கள் இருநூறு வருடங்களுக்கு மேலாக இந்தப் பறவைகளைக் காப்பாற்றி வருகிறார்கள். பறவை எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம். இரண்டு பக்கமும் டேலி ஆகிற கணக்கு!

அப்பா பைனாகுலரை வாங்கி ஐந்து நிமிஷம் பார்த்தார். "பிரமாதம்டா!" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அன்று ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தவன் காதில் அடுத்த அறைப் பேச்சு விழுந்தது. "ரெண்டு கறுப்பு வட்டம்தான் தெரிஞ்சுது. நடுவுல என்னமோ ஆடித்து. பையன் ஆசையா வாங்கியிருக்கான், என்னத்தைச் சொல்ல?" என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார் அப்பா.

தண்ணீர் இறங்கவில்லை ஸார்.

மறுநாள் பறவை பார்க்கிற நண்பர் ஒருவரிடம் போய் நின்றேன். பைனாகுலரைப் பார்த்ததுமே சிரித்தார். "ஐம்பதை இருபதால வகுங்க" என்றார்.

"இரண்டரை."

"அவ்வளவுதான் வெளிச்சம்!"

விஷயம் இதுதான். முதல் எண், எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பது. இரண்டாவது எண், முன்பக்கக் கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். இரண்டாவதை முதலால் வகுத்தால் வருவது, நம் கண்ணுக்கு வந்து சேருகிற ஒளி வட்டத்தின் அளவு. நடுப்பகலில் நம் கண்மணி இரண்டு மூன்று மி.மீ.க்குச் சுருங்கிவிடுகிறது, அதனால் இரண்டரை போதும். பொழுது சாய்ந்தால் கண்மணி விரியும், இரண்டரை பற்றாது, காட்சி மங்கிவிடும். பறவைகளோ காலையிலும் சாயங்காலமும்தான் சுறுசுறுப்பு. பி.காம். படித்த எனக்கு வகுக்கத் தோன்றவில்லை பாருங்கள்!

அடுத்தது ஆட்டம். இருபது மடங்கு என்றால் கை நடுக்கமும் இருபது மடங்கு. பத்துக்கு மேல் போனால் ஸ்டாண்டு வேண்டும். அதோடு, மடங்கு கூடக்கூடப் பார்க்கிற பரப்பு குறையும். பறவையைத் தேடிப் பிடிப்பதற்குள் அது அடுத்த ஜில்லாவுக்குப் போயிருக்கும்.

"அப்பா மூக்குக் கண்ணாடி போடுவாரா?" என்று கேட்டார் நண்பர். போடுவார், தடிமனாக. "அப்ப பெட்டியில ஐ ரிலீஃப்னு போட்டிருக்கற நம்பரைப் பாருங்க. பதினைஞ்சு மி.மீ.க்குக் குறைஞ்சா, கண்ணாடிக்காரங்களுக்கு ஓரமெல்லாம் கறுப்பாத்தான் தெரியும்." கறுப்பு வட்டத்தின் மர்மம் துலங்கியது.

மலை ஏறுகிறவர்களுக்கு இன்னொரு கணக்கு. பறவைக்காரர்கள் பலரும் விரும்புவது 8×42. ஆனால் அது அறுநூறு எழுநூறு கிராம் இருக்கும். 8×25 சுமார் முந்நூறு கிராம், மடித்துப் பைக்குள் போடலாம். பகலுக்கு ஜோர், அந்தி வேளையில் கொஞ்சம் மங்கல். நடுவில் 8×32. சுமார் ஐந்நூறு கிராம், வகுத்தால் நாலு. நடக்கவும் நடக்கலாம், சாயங்காலமும் பார்க்கலாம். ஒரு கிலோவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நான் ஒருமுறை ஏலகிரி சுவாமிமலை ஏறினேன். பாதி வழியில் அது பைக்குள் போனது, இறங்கும்வரை வெளியே வரவில்லை. பைக்குள் இருக்கிற பைனாகுலரில் எந்தப் பறவையும் தெரியாது.

நண்பர் சொன்ன மற்ற சில: மடங்கைக் கூட்டிக் குறைக்கிற ஜூம் வகை வேண்டாம். கண்ணாடி ரத்தச் சிவப்பாகப் பளபளத்தால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். உள்ளே நைட்ரஜன் அடைத்த வாட்டர்புரூஃப் வகை என்றால் மழையிலும் பனியிலும் உள்ளே ஆவி படியாது. கடை வாசலுக்கு எடுத்துவந்து தூரத்துப் பெயர்ப்பலகையைப் படித்துப் பாருங்கள், ஓரத்து எழுத்தும் தெளிவாக இருக்க வேண்டும். வாங்கியதும் வலது கண்ணை மூடி, நடுச் சக்கரத்தைத் திருப்பி இடது கண்ணுக்குச் சரிசெய்யுங்கள். பிறகு இடது கண்ணை மூடி, வலது பக்கத்து வளையத்தைத் திருப்புங்கள். மூக்குக் கண்ணாடிக்காரர்கள் ரப்பர் கிண்ணத்தை மடித்துவிட வேண்டும். சூரியனைப் பார்க்கவே கூடாது, கண் போய்விடும்.

ஒரு 8×32 வாங்கினேன். மறுபடி வேடந்தாங்கல், மறுபடி சாயங்காலம். அப்பா கண்ணில் வைத்தார். பேச்சே இல்லை. எனக்கு பக்கென்றது. இதிலும் கறுப்பு வட்டமா?

"டேய், இதுக்கு மூக்கு கரண்டி மாதிரின்னா இருக்கு!" என்று கத்தினார். கரண்டிவாயன்! பக்கத்தில் நின்ற குழந்தைகளெல்லாம் திரும்பிப் பார்த்தன. "உனக்கு அஞ்சு வயசுல தோள்ல தூக்கிக் காட்டினேனே, அதே பறவைடா. அப்ப எனக்கே வெள்ளைப் புள்ளியாத்தான் தெரிஞ்சுது. கொக்குன்னு சொல்லி வெச்சேன்."

முப்பது வருடத்துக்கு முந்தைய பொய்யை அப்பா ஒப்புக்கொண்டார். அந்த 'பிரமாதம்டா'வைப் பற்றி நான் கேட்கவில்லை.

"அப்பா, நானும் கொஞ்சம் பார்க்கறேனே?" என்றேன்.

"இருடா" என்றார்.

இருட்டும்வரை இருந்தேன். கொடுக்கவில்லை.